சேப்பாக்கத்தில் முளைத்த போட்டி: இந்தியா – இலங்கை கிரிக்கெட்டின் தமிழ்க் கணக்கு

கிரிக்கெட்டில் இந்தியாவுக்குப் பரம எதிரி யாருன்னு கேட்டா எல்லாரும் பாகிஸ்தான் என்பார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் ஆஸ்திரேலியா என்பார்கள். இலங்கைன்னு யாரும் சொல்றதில்லை. ஆனால் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 2024 ஆகஸ்ட் வரை இந்தியாவும் இலங்கையும் ஆடிய ஒருநாள் ஆட்டங்கள் 171. வேறு எந்த இரண்டு நாடுகளும் அதுவரை தங்களுக்குள் இத்தனை ஒருநாள் ஆட்டங்கள் ஆடியதில்லை. இந்தியாவுக்கு 99 வெற்றி, இலங்கைக்கு 59. இரண்டு ஆட்டம் சமன், பதினொன்றில் முடிவில்லை.

எனக்குத் தொழில் மென்பொருள். வார இறுதியில் பழைய ஸ்கோர்கார்டுகளை எக்செல்லில் போட்டுப் பார்ப்பது பழக்கம். அப்படிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. இந்தப் போட்டியின் வரலாற்றை மும்பை, டெல்லி, கொல்கத்தா வழியாக எழுதினால் அது 1979ல் தொடங்கும். சென்னை வழியாக எழுதினால் சுதந்திரத்துக்கு முன்னாடியே போய் நிற்கும். அந்த வழியில் போனால் இது வெறும் இரண்டு பேர் ஆட்டமாகத் தெரியாது. இந்தியா, இலங்கை என்ற இரண்டு பெயர்களுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருத்தர் முதலிலிருந்தே மைதானத்தில் நிற்கிறார். அவர் தமிழர். சில சமயம் பேட்டோடு, சில சமயம் பந்தோடு, சில சமயம் வாசலில் கொடியோடு.

சிதம்பரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில்

கிரிக்கெட்டுக்குப் போவதற்கு முன் ஊர்க்கதை கொஞ்சம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவுக்காரர். எங்க கடலூர்க் கரையில் ரேடியோவைத் திருப்பினால் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி கேட்கும். பி. எச். அப்துல் ஹமீது குரல் கேட்காமல் எங்க தெருவில் எந்த வீட்டிலும் இட்லி வேகாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிரிக்கெட்டும் இதே வழியில்தான் போய்வந்தது. பம்பாயிலிருந்து பார்த்தால் கொழும்பு வெளிநாடு. சென்னையிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர்.

சதாசிவத்தின் 215

1947. இரண்டு நாடுகளும் இன்னும் விடுதலை பெறவில்லை. இலங்கை அணி சேப்பாக்கத்துக்கு வந்து தென்னிந்திய அணியோடு ஆடியது. அதில் மகாதேவன் சதாசிவம் 215 ரன் எடுத்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் தமிழ் யூனியன் என்ற கிளப்புக்காக ஆடியவர். பிற்பாடு இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் காலத்து இலங்கை பேட்டிங் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரில்தான் தொடங்குவார்கள்.

அந்தத் தமிழ் யூனியன் கிளப்பைக் கொஞ்சம் கவனிக்கணும். அதன் மைதானத்துக்கு முதலில் கொழும்பு ஓவல் என்று பெயர். இப்போது பி. சரவணமுத்து மைதானம். பாக்கியசோதி சரவணமுத்து தமிழர், அரசு உயர் அதிகாரி. 1948ல் இலங்கைக்குக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் வந்தபோது அதன் முதல் தலைவர். அதே 1948 மார்ச்சில் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் இறங்கி ஒரு நாள் ஆடியது இந்த மைதானத்தில்தான். இலங்கை கேப்டன் சதாசிவம். பிட்ச் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜம்தான் இருந்தது என்பது ஆட்டத்தின்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடியதும், 1985ல் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே மைதானத்தில். இரண்டாவது நிகழ்ச்சியில் எதிரணி இந்தியா. அதற்குப் பிறகு வருவோம்.

கோபாலன் கோப்பை

அந்தக் காலத்து இலங்கை அணியின் பெரிய பிரச்சினை, ஆள் இல்லாதது அல்ல, ஆட்டம் இல்லாதது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கப்பல் கொழும்பில் நிற்கும் நேரத்தில் ஒரு நாள் ஆடிவிட்டுப் போய்விடும். மூன்று நாள், நான்கு நாள் ஆட்டம் அபூர்வம். ஒரு நாள் ஆட்டத்தில் நாற்பது ரன் அடித்துக் கைதட்டல் வாங்கலாம். இரண்டாவது இன்னிங்ஸ் எப்படி ஆடுவது, மூன்றாம் நாள் தேய்ந்த பிட்ச்சில் எப்படிப் பந்து போடுவது என்பதெல்லாம் அதில் வராது.

இந்த இடத்தில்தான் மதராஸ் உள்ளே வருகிறது. 1952-53 பருவத்தில் மதராஸுக்கும் இலங்கைக்கும் இடையே எம். ஜே. கோபாலன் கோப்பை தொடங்கியது. கோபாலன் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. வாழ்நாளில் அவர் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1934 ஜனவரியில் கல்கத்தாவில்.

அவர் பெயரிலான கோப்பை இடையிடையே விட்டுப்போன வருஷங்கள் நீங்கலாக 1980களின் தொடக்கம் வரை நடந்தது. சென்னையிலும் இலங்கையிலும் மாறி மாறி. ஒரு பக்கம் ஒரு மாநில அணி, மறுபக்கம் ஒரு முழு நாடு. கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மதராஸ் அப்போது சாதாரண அணி இல்லை. 1954-55ல் ரஞ்சிக் கோப்பையையே வென்றது. இலங்கைக்கு இது முதல்தர ஆட்டம், தகுதியான எதிரி, ஏறக்குறைய வருஷா வருஷம் ஒரு பரீட்சை. டெஸ்ட் அந்தஸ்து என்ற மாடிக்கு ஏற இலங்கை பயன்படுத்திய படிகளில் கோபாலன் கோப்பைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. போட்டி பகையில் தொடங்கவில்லை. வீட்டுக்கு வீடு போய்வரும் பழக்கத்தில் தொடங்கியது.

அதே வருஷங்களில் அரசியல் வேறு திசையில் போனது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பேசலாம் என்று மனிதர்களைப் பாகம் பிரித்தார்கள். அந்தப் பருவத்திலேயே மைக்கேல் திசேராவின் இலங்கை அணி இந்தியா வந்தது. 1965 ஜனவரியில் அகமதாபாத்தில், அங்கீகாரமில்லாத டெஸ்ட்டில், பட்டோடியின் இந்திய அணியை 66 ரன்னுக்குச் சுருட்டி 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. முதல் இன்னிங்ஸில் பின்தங்கியிருந்தபோதே திசேரா துணிந்து டிக்ளேர் செய்ததுதான் அந்த வெற்றிக்கு வழி. பெரிய அண்ணனை அவன் வீட்டிலேயே வீழ்த்தலாம் என்று தம்பிக்குத் தெரிந்த நாள் அது.

வெங்கட்ராகவன் தோற்ற ஆட்டம்

1979 உலகக் கோப்பை. இந்திய அணியின் கேப்டன் நம்ம வெங்கட்ராகவன். இலங்கைக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் இலங்கை 60 ஓவரில் 238 எடுத்தது. வெட்டிமுனி 67, துலீப் மெண்டிஸ் 64, ராய் டயஸ் 50. இந்தியா 191க்கு ஆல் அவுட். 47 ரன் தோல்வி. சேப்பாக்கத்தில் வளர்ந்த ஒரு கேப்டன், சேப்பாக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு நாட்டிடம் தோற்றார் என்று எழுதினால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பொய் இல்லை.

1981ல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1982 செப்டம்பரில் இந்தியாவோடு முதல் டெஸ்ட். எங்கே? சேப்பாக்கத்தில்தான். இலங்கை ஆடிய ஐந்தாவது டெஸ்ட்டே அது. முதல் இன்னிங்ஸில் மெண்டிஸ் 105. இந்தியா கவாஸ்கரின் 155, சந்தீப் பாட்டீலின் 114 வழியாக 566 எடுத்து டிக்ளேர் செய்தது. 220 ரன் பின்தங்கிய குட்டி அணி இனி சுருண்டுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இலங்கை 394 எடுத்தது. மெண்டிஸ் மறுபடியும் அதே 105. டயஸ் 97. கடைசி நாளில் 175 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா 135க்கு 7 விக்கெட் இழந்து டிராவோடு தப்பியது. அசந்த டி மெல்லுக்கு 5 விக்கெட். இன்னும் அரைமணி நேரம் இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று பேசுகிற அளவுக்கு நெருக்கம்.

சேப்பாக்கத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்ட்டுகள் மொத்தமே இரண்டு. இது ஒன்று. இன்னொன்று 2005 டிசம்பர்; முதல் மூன்று நாளை வடகிழக்குப் பருவமழை கொண்டுபோனது. தோனியின் முதல் டெஸ்ட் அதுதான். கான்பூர், நாக்பூர், மொகாலி, அகமதாபாத் எல்லாம் இலங்கையோடு திரும்பத் திரும்ப ஆடின. போட்டி பிறந்த வீட்டுக்கு மட்டும் நாற்பது வருஷத்தில் இரண்டே தடவை.

1985: பேச்சுவார்த்தையும் பந்துவீச்சும்

1983 ஜூலைக்குப் பிறகு எதுவும் பழையபடி இல்லை. கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகளும் கடைகளும் எரிந்தன. ராமேஸ்வரத்துக்குப் படகுகள் வரத் தொடங்கின. பிறகு தமிழ்நாடு முழுக்க முகாம்கள் வந்தன, எங்க மாவட்டத்திலும்.

1985 கோடையில் இந்தியாவின் முயற்சியில் திம்புவில் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. அதே நேரத்தில் கபில் தேவின் அணி இலங்கையில் ஆடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் சரவணமுத்து மைதானத்தில் இலங்கை 149 ரன் வித்தியாசத்தில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. கடைசியில் தனியாகப் போராடிய கபிலை ருமேஷ் ரத்நாயக்க தன் பந்திலேயே பிடித்தார். தொடரும் இலங்கைக்கு. அம்பயர் தீர்ப்புகளைப் பற்றி இந்தியத் தரப்பில் பெரிய மனக்கசப்பு. 1986ல் இலங்கையில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா போகவே இல்லை.

தமிழரின் பெயர் தாங்கிய, தமிழ் கிளப்புக்குச் சொந்தமான மைதானத்தில், ஊரெங்கும் தமிழர் அஞ்சி வாழ்ந்த ஒரு காலத்தில், அந்த நாடு தன் முதல் வெற்றியைக் கொண்டாடியது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எக்செல்லுக்குத் தெரியாது.

1996: பதினைந்து ஓவரில் மாறிய ஆட்டம்

1996 உலகக் கோப்பை பற்றிப் பேசாமல் இந்தக் கதை நகராது. முதலில் உத்தி. அன்றைய விதிப்படி முதல் 15 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்தான் நிற்கலாம். எல்லா அணியும் அந்த 15 ஓவரை விக்கெட் காப்பாற்றும் நேரமாக வைத்திருந்தது. ஜயசூரியாவையும் களுவிதாரணாவையும் மேலே அனுப்பி, அதை ரன் குவிக்கும் நேரமாக மாற்றியது இலங்கை. மார்ச் 2 அன்று டெல்லியில் சச்சின் 137 அடித்து இந்தியா 271 எடுத்தது. அந்த நாளில் அது ஜெயிக்கிற ஸ்கோர். ஜயசூரியா 79 அடித்தார். மனோஜ் பிரபாகர் 4 ஓவரில் 47 கொடுத்தார். வேகப்பந்து வீச்சாளரான அவர் கடைசியில் ஆஃப் ஸ்பின் போட்டுப் பார்த்தார். அதோடு அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது.

இதற்கு நடுவில் மறக்கக்கூடாத ஒன்று. ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. பிப்ரவரி 13 அன்று இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்புக்குப் போய் இலங்கையோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடினார்கள். அசாருதீன் கேப்டன், அவர் கீழே வாசிம் அக்ரம். இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியுமா?

சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 13, ஈடன் கார்டன் அரையிறுதி. டாஸ் ஜெயித்த அசாருதீன் ஃபீல்டிங் எடுத்தார். களுவிதாரணாவும் ஜயசூரியாவும் முதல் ஓவரிலேயே அவுட். கடலூரில் எங்க தெருவில் அப்போதே வெடி போட்டார்கள். அரவிந்த டி சில்வா 47 பந்தில் 66 அடித்து எல்லாவற்றையும் அணைத்தார். 252 இலக்கு. 98க்கு ஒரு விக்கெட் என்று நன்றாகத்தான் போனது. 65 ரன்னில் சச்சின் ஸ்டம்பிங் ஆனதும் அடுக்கு சரிந்தது. 120க்கு 8. மக்கள் பாட்டில் வீசினார்கள், தீ வைத்தார்கள். ஆட்ட நடுவர் கிளைவ் லாய்ட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார்.

பத்தாவது பரீட்சை நெருங்கிய நேரம். எங்க வீட்டில் அன்றைக்கு யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் மறுநாள் எங்க கணக்கு வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது: "அவன் ஆடினான், நாம பாட்டில் வீசினோம். இதுல யாருக்குடா மார்க் போடுறது?"

முரளி என்கிற சிக்கல்

அடுத்த நாலைந்து வருஷம் இந்திய ரசிகனுக்குக் கெட்ட கனவு. 1997 ஆகஸ்டில் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியா 537 எடுத்து டிக்ளேர் செய்தது. நிலேஷ் குல்கர்னி டெஸ்ட்டில் தன் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகு ஜயசூரியாவும் மகாநாமவும் சேர்ந்து 576. ஜயசூரியா 340, மகாநாம 225, அணி 952க்கு 6. டெஸ்ட் வரலாற்றில் இன்றும் அதுதான் உச்ச ஸ்கோர்.

2000 அக்டோபரில் ஷார்ஜா. நான் அப்போது சிதம்பரத்தில் பி.இ. மூன்றாம் வருஷம், ஹாஸ்டல். 27ஆம் தேதி முத்தையா முரளிதரன் 30 ரன்னுக்கு 7 விக்கெட். அன்றைக்கு ஒருநாள் கிரிக்கெட்டில் உலக சாதனை. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டம். ஜயசூரியா தனியாளாக 189. இந்தியா மொத்தமே 54. இரட்டை இலக்கம் தொட்டவர் ஒருவர்தான், நம்ம தமிழ்நாட்டு ராபின் சிங், 11 ரன்.

ஹாஸ்டல் டிவி ரூமில் அந்த வாரம் நடந்த சண்டை இன்னும் எனக்கு ஆய்வுப் பொருள்தான். ஒரு கோஷ்டி: "நம்மாளுடா, தமிழன்டா, அடிக்கட்டும்." இன்னொரு கோஷ்டி: "எந்த நாட்டுச் சட்டை போட்டுட்டு அடிக்கிறான், அதப் பாரு." மூன்றாவது கோஷ்டிக்கு இந்தியா தோற்கிறது, அவ்வளவுதான். மூன்று பேரும் தமிழில்தான் சண்டை போட்டார்கள்.

முரளியின் குடும்பம் மேலே சொன்ன மலையகத் தமிழர் வரிசையில் வருவது. தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். மெல்போர்னில் 1995 டிசம்பர் 26 அன்று டேரல் ஹேர் ஏழு முறை நோ பால் கொடுத்தபோது, கேப்டன் ரணதுங்காவும் சிங்கள ரசிகர்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். அந்த நாட்டுக்கு அவர் தேவைப்பட்டார், அவருக்கும் அந்த நாடு தேவைப்பட்டது. 2005ல் சென்னைப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஐ.பி.எல். தொடங்கியதும் 2008 முதல் 2010 வரை சென்னைச் சட்டையில் சேப்பாக்கத்திலேயே பந்து வீசினார், கைதட்டலும் வாங்கினார்.

அவர் ஈழத்தமிழர் அரசியல் பேசவில்லை; பேசியபோதும் இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு சமூகம் தன் வலியைச் சொல்ல ஒரு குரலைத் தேடும்போது, கண்ணில் படுகிற புகழ்பெற்ற ஆள் மேல் அந்த எதிர்பார்ப்பு விழுவது இயல்பு. யாழ்ப்பாணத்து அனுபவமும் மலையகத்து அனுபவமும் ஒன்றல்ல என்பது நம்மில் பாதிப் பேருக்கு அவர் வழியாகத்தான் தெரிந்தது. அவருடைய வாழ்க்கையை வைத்து '800' படம் அறிவிக்கப்பட்டு, 2020ல் எதிர்ப்பு வந்து, விஜய் சேதுபதி விலகியதும் இந்த முடிச்சின் தொடர்ச்சிதான்.

கடலும் போரும்

2004 டிசம்பர் 26. எங்க தேவனாம்பட்டினத்துக் கரையைத் தாக்கிய அதே கடல் காலி மைதானத்துக்குள்ளும் புகுந்தது. தமிழ்நாட்டில் நாகைக்கு அடுத்து அதிகம் இழந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அங்கே நிவாரண வேலையில் முரளி நேரடியாக இறங்கினார். காலி மைதானத்தில் மறுபடி டெஸ்ட் நடக்க 2007 டிசம்பர் ஆனது.

2005க்குப் பிறகு இந்தியா – இலங்கை ஆட்டங்கள் பெருகின. சலித்துப்போகிற அளவுக்கு. எங்கே காலியிடம் விழுந்தாலும் இன்னொரு அணி அங்கே போய் நிரப்பும். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா தன் பாகிஸ்தான் பயணத்தை ரத்து செய்தது. பதிலுக்கு 2009 ஜனவரி 28 முதல் இலங்கையில் ஐந்து ஒருநாள் ஆட்டம். 29ஆம் தேதி, வன்னிப் போரை நிறுத்தக் கோரி, சென்னை சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு தேதிகள். தொடரை இந்தியா 4-1 என்று வென்றது. இந்தியா போகாத பாகிஸ்தானுக்கு இலங்கை போனது. மார்ச் 3 அன்று லாகூரில் அந்த அணி பேருந்து மேல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் முள்ளிவாய்க்கால். அந்த நாலு மாத ஸ்கோர்கார்டை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடிந்ததில்லை.

2010 ஜூலையில் காலியில் இந்தியாவோடு ஆடும் டெஸ்ட்தான் கடைசி என்று முரளி முன்கூட்டியே அறிவித்தார். 800க்கு 8 விக்கெட் தேவை. முதல் இன்னிங்ஸில் 5. இரண்டாவதில் மூன்றாவது விக்கெட்டாக பிரக்யான் ஓஜா, ஜயவர்தன கையில் கேட்ச். ஜூலை 22. சுனாமி புகுந்த அதே மைதானம். 2011 ஏப்ரல் 2 உலகக் கோப்பை இறுதிதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். 8 ஓவர், 39 ரன், விக்கெட் இல்லை. கம்பீர் 97, தோனி 91. ஜயவர்தனவின் 103 வீணானது. 1996க்கு வட்டியோடு கடன் தீர்ந்தது என்று நாடு முழுக்கக் கொண்டாட்டம்.

வாசல் மூடியது, திறந்தது

2013 மார்ச். ஜெனீவா தீர்மானத்தையொட்டித் தமிழ்நாடு முழுக்கக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார்: இலங்கை வீரர்களோ நடுவர்களோ இருந்தால் சென்னையில் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. அன்றே ஐ.பி.எல். நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவும் அகில தனஞ்சயாவும் சொந்த மைதானத்தில் ஆட முடியாது. அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிக்கும் அதே கதவு மூடியது. தமிழர் உரிமைக்காக எடுத்த முடிவில், தடுக்கப்பட்டவர்களில் மிகவும் தெரிந்த முகம் ஒரு தமிழர். சென்னையில் நடக்கவேண்டிய பிளே ஆஃப் ஆட்டங்கள் இரண்டும் டெல்லிக்குப் போயின.

அந்த முடிவு சரியா தப்பா என்று ஒற்றை வரியில் தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். பேச வேறு மேடை கிடைக்காதவர்கள் மைதானத்தைத்தான் மேடையாக்குவார்கள். அதை 'விளையாட்டில் அரசியல் கலக்கிறார்கள்' என்று தள்ளிவிடுவது சுலபம். 1996ல் கொழும்புக்குப் போன நட்பு ஆட்டமும் அரசியல்தான். அது நமக்குப் பிடித்த அரசியல், அவ்வளவே.

2022 ஏலத்தில் மகீஷ் தீக்ஷனாவைச் சென்னை எடுத்தபோதும் சமூக வலைத்தளங்களில் எதிர்ப்பு வந்தது. ஆனால் 2023ல் சேப்பாக்கத்தில் கண்டிக்காரப் பையன் மதீஷ பதிரன ஓடிவந்து பந்தைச் சுழற்றி எறிந்தபோது மஞ்சள் கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. அந்த வருஷம் 19 விக்கெட், சென்னைக்குக் கோப்பை. முரளியும் கண்டிக்காரர்தான். மக்கள் 2009ஐ மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு அரசின் கணக்கையும் இருபது வயதுப் பையனின் கணக்கையும் தனித்தனியாக எழுதக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்றைய நிலை

ஆட்டத்தில் இன்றைக்கு இடைவெளி பெரிசு. 2023 ஆசியக் கோப்பை இறுதியில் சிராஜ் 21 ரன்னுக்கு 6 எடுக்க இலங்கை 50க்கு ஆல் அவுட். அதே நவம்பரில் உலகக் கோப்பையில் 55. ஷார்ஜாவின் 54க்குப் பதில் வந்துவிட்டது என்று வாட்ஸப்பில் சுற்றினார்கள். ஆனால் 2024 ஆகஸ்டில் கொழும்பு சுழலில் சிக்கி இந்தியா ஒருநாள் தொடரை 0-2 என்று இழந்தது. 1997க்குப் பிறகு இலங்கையிடம் முதல் தொடர் தோல்வி. டெஸ்ட்டில் 2022 வரை 46 ஆட்டம். இந்தியா 22, இலங்கை 7, டிரா 17. இலங்கையின் அந்த ஏழும் இலங்கையிலேயே. இந்திய மண்ணில் ஒரு டெஸ்ட்கூட அவர்கள் ஜெயித்ததில்லை.

அதற்கு மிக அருகில் வந்த ஆட்டங்களில் ஒன்று சேப்பாக்கத்தில், 1982ல், மெண்டிஸின் இரண்டு 105களோடு நடந்தது என்பதுதான் என் பட்டியலில் எனக்குப் பிடித்த வரி. சதாசிவம் 215 அடித்த அதே மைதானம். இந்தப் போட்டியை இரண்டு கொடிகளின் கதையாக மட்டும் படித்தால் வெற்றி தோல்விப் பட்டியல் கிடைக்கும். கோபாலன், சரவணமுத்து, வெங்கட், முரளி வழியாகப் படித்தால், முப்பது கிலோமீட்டர் கடலுக்கு இரண்டு பக்கமும் வாழ்கிற ஒரு மக்களின் எண்பது வருஷம் கிடைக்கும். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் தராத வரலாறு அது.

சேப்பாக்கத்தில் மூன்றாவது டெஸ்ட் எப்போது வருகிறதென்று பார்ப்போம். வந்தால் முதல் நாள் காலையிலேயே கடலூரிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்துக் கோபாலன் கோப்பை ஆட்டத்தை நேரில் பார்த்திருந்தால், தயவுசெய்து அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஸ்கோர்கார்டு எங்கேயும் போகாது. பார்த்தவர்கள் போய்விடுவார்கள்.